வன்னியில் வீடு விற்க எண்ணுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: கணக்குப் பார்த்து வாங்குபவருக்கு வீட்டை ஆயத்தம் செய்தலும் விலை குறித்தலும்

இலங்கையின் வடக்கே வன்னியில், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் குடியிருந்த வீட்டை விற்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்துள்ளேன். பல ஆண்டுகளாக விற்பவர் பக்கமும் வாங்குபவர் பக்கமும் உட்கார்ந்து பேச்சுகளைக் கேட்டவன் என்ற முறையில், எனக்குச் சரியென்று பட்டதை ஒளிவின்றி எழுதுகிறேன்.

கணக்குப் பார்த்து வாங்குபவர் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

அரசாங்கப் பாடசாலை ஆசிரியர், வைத்தியசாலைத் தாதி, வங்கி உத்தியோகத்தர், நான்கைந்து ஏக்கர் வயல் செய்து மிச்சம் பிடித்தவர், பிள்ளைகளின் படிப்புக்காக உட்கிராமத்திலிருந்து ஏ-9 வீதிப் பக்கம் வர விரும்பும் குடும்பம் ஆகியோரையே பெரும்பாலும் குறிப்பிடுகிறேன். இவர்கள் ஏழைகளும் அல்லர், கருமிகளும் அல்லர். இவர்களுள் அநேகர், போர் முடிந்த 2009 மே மாதத்திற்கு முன் ஒரு வீட்டை, சிலர் இரண்டு மூன்று வீடுகளை, கட்டி இழந்தவர்கள். இனியொரு முறை இழக்க முடியாது என்ற நினைப்போடு வருவதால், வாசலில் நின்று வீட்டின் அழகைப் பார்ப்பதற்கு முன்னரே, காணிக்கு உறுதி, அதாவது உரித்துப் பத்திரம், இருக்கிறதா, புரட்டாதியில் கிணற்றில் தண்ணீர் நிற்குமா, கூரை எத்தனை மாரி தாங்கும் என்ற மூன்றையும் கேட்பார்கள்.

இந்த மூன்றுக்கும் கையோடு விடை வைத்திருப்பவரின் வீடு, தான் கேட்ட விலைக்கு அருகில் விற்கப்படுவதையும், விடை இல்லாதவரின் வீடு எவ்வளவு பொலிவாக இருந்தாலும் இலட்சக்கணக்கில் இறங்குவதையும் பலமுறை கண்டிருக்கிறேன். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றியே அமைந்தவை.

விற்பதற்கு முன் வீட்டிற்குப் பெயின்ற் அடிக்க வேண்டுமா?

கூரை, கறையான், ஈரம் ஆகியவற்றைச் சரி செய்துவிட்டீர்கள் என்றால் அடியுங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தை அவற்றிலேயே போடுங்கள். ஒழுகிய கறையின் மேல் புதிதாகப் பூசிய பெயின்ற், அனுபவப்பட்டவரின் கண்ணுக்குக் கறையை விடக் கூடுதலாகத் தெரியும். இங்கே ஏதோ மறைக்கப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை மனதில் பட்டுவிட்டால், மறைக்கப்படாதவற்றையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

முதலில் ஒரு மேசனையும் ஓடாவியாரையும் அழைத்து, விற்கப் போகும் வீடாகக் காட்டாமல் வாங்கப் போகும் வீடாகக் காட்டிக் குறை சொல்லச் சொல்லுங்கள். ஓடு விலகிய இடங்கள், மரத்தில் கறையான் ஏறிய மண்கோடுகள், பீலி இல்லாததால் மழைத்தண்ணீர் விழுந்து விழுந்து அத்திவாரத்தின் ஓரம் அரித்த இடம், யன்னல் நிலைகளின் கீழ்ப்பகுதி ஆகியவற்றை அவர்கள் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். இவற்றுள் பல, சில ஆயிரம் ரூபாய்களில் முடியும் வேலைகள். அதே குறையை வாங்குபவர் கண்டுபிடித்தால், முழுக் கூரையையும் மாற்ற வேண்டும் என்ற கணக்கில் விலையைக் குறைக்கக் கேட்பார். விற்பவருக்கு அது சிறிய வேலை. வாங்குபவருக்கு அது அளவு தெரியாத பயம்.

மீள்குடியேற்றத்தின் பின்னர் கட்டப்பட்ட வீடுகளில், முதலில் கட்டிய பகுதிக்கும் பிற்பாடு இழுத்துக் கட்டிய குசினி அல்லது அறைக்கும் இடையில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு ஓடுவது மிகவும் சாதாரணம். இரண்டு அத்திவாரங்களும் வேறு வேறு காலத்தில் இறங்குவதால் அது வருகிறது. அந்த இடத்தின் பூச்சை உடைத்து, கம்பிவலை வைத்துப் பூசினால் பெரும்பாலும் அடங்கிவிடும். பூசிய பின்னும், அது எதனால் வந்தது, எப்போது சரி செய்தீர்கள் என்பதை நீங்களே வாய் திறந்து சொல்லிவிடுவது நல்லது.

வளவைக் கூட்டித் துப்புரவாக்குவது, உடைந்த வேலிக் கதியால்களை மாற்றுவது, படலை இழுக்காமல் திறக்கும்படி செய்வது, மின்குமிழ் எல்லாம் எரியச் செய்வது ஆகியவை பற்றி எழுதவே தேவையில்லை. செய்துவிடுங்கள்.

புதிதாக ரைல்ஸ் பதித்தால் போட்ட காசு திரும்புமா?

முழுவதும் திரும்பியதை நான் கண்டதில்லை. வாங்குபவர் ரைல்ஸை விரும்புவார்; ஆனால் உங்கள் தெரிவுக்கு அவர் பணம் தரமாட்டார். சீமெந்து நிலம் வெடிப்பின்றி வழுவழுப்பாக இருந்தால் அதை அப்படியே விடுங்கள். குளியலறையும் மலசலகூடமும் மட்டும் விதிவிலக்கு. அங்கே உடைந்த தரையும் தண்ணீர் தேங்கும் மூலையும் முழு வீட்டையும் பழசாகக் காட்டும். மலக்குழி கிணற்றிலிருந்து எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்றும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

கிணற்றைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறார்கள்?

வன்னியில் வீட்டின் பாதி விலை தண்ணீரில் இருக்கிறது என்பது மிகையான பேச்சு அல்ல. ஐப்பசியில் தொடங்கும் வடகீழ்ப் பருவமழை மார்கழி, தை வரை கிணறுகளை நிரப்பும். அதன் பின்னர் ஆடி, ஆவணி, புரட்டாதியில் நீர்மட்டம் அடியோடு இறங்கும். தையில் கைக்கு எட்டும் தண்ணீரைக் காட்டி விற்ற வீட்டில், புரட்டாதியில் தண்ணீர்ப் பவுசருக்குக் காத்திருந்த குடும்பங்கள் இருக்கின்றன. ஆகவே இந்த அளவுகளை நீங்களே குறித்து வையுங்கள்: கிணற்றின் மொத்த ஆழம் எத்தனை அடி, வரட்சியின் உச்சத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும், மோட்டர் தொடர்ந்து எவ்வளவு நேரம் இறைத்தால் வற்றும், வற்றினால் எத்தனை மணித்தியாலத்தில் மறுபடி ஊறும். கடைசியாகக் கிணறு இறைத்துச் சேறு எடுத்தது எப்போது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

தண்ணீரின் தன்மை அடுத்தது. விசுவமடுப் பக்கம் ஒரு வீட்டைப் பார்க்க வந்த தாதி ஒருவர், கிணற்றுக் கயிறு நனைந்த இடத்தில் முடிச்சுப் போட்டு, அதைத் தரையில் நீட்டி அளந்து பார்த்தார். பிறகு குசினிக்குள் போய், வீட்டுக்கார அம்மாவிடம், "அக்கா, உங்கட கேத்திலை ஒருக்கா திறந்து காட்டுங்கோ" என்று கேட்டார். உள்ளே சுவரில் வெள்ளையாகக் கல்சியம் அரை விரல் தடிப்பில் படிந்திருந்தது. அந்த அம்மா வெட்கப்படாமல், "குளிக்கத் தோய்க்க எல்லாம் இந்தத் தண்ணிதான் பிள்ளை, குடிக்கிறதுக்கு மட்டும் வடிகட்டின தண்ணி வாங்குறம்" என்று சொன்னார். மாதம் எவ்வளவு செலவாகிறது என்று கேட்டு அதைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டு போனவர், அடுத்த வாரம் கணவரோடு வந்து விலை பேசினார். கேத்திலை முதல்நாள் தேய்த்துக் கழுவி வைத்திருந்தால் அவர் திரும்பி வந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே. வவுனியா மாவட்டத்தில் சிறுநீரக நோய் குறித்த அச்சம் பரவலாக இருப்பதால், நீர்ப் பரிசோதனை அறிக்கை ஒன்றைப் பெற்று உறுதிக் கோப்போடு வைத்திருப்பது சிறிய செலவில் பெரிய நம்பிக்கையைத் தரும்.

என்னென்ன பத்திரங்களைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும்?

ஒரு நல்ல கோப்பு வாங்கி, முதலில் உங்கள் பெயரிலுள்ள உறுதி, அதற்கு முந்திய உறுதிகளின் பிரதிகள், நில அளவையாளர் கையொப்பமிட்ட அளவைப்படம், காணிப் பதிவகத்தின் பதிவேட்டுப் பிரதி, பிரதேச சபையில் கட்டட அனுமதி பெற்ற வரைபடம், குடியிருப்பதற்கான ஒழுங்கமைவுச் சான்றிதழ், சோலைவரி (பிரதேச சபையின் ஆதனவரி) கட்டிய பற்றுச்சீட்டுகள், வீதிக்கோட்டுச் சான்றிதழ், மின்பட்டியல் ஆகியவற்றை ஒழுங்காக அடுக்குங்கள். வாங்குபவரின் சட்டத்தரணி வழக்கமாக முப்பது ஆண்டுகளுக்குப் பின்னோக்கி உரித்தைத் தேடிப் பார்ப்பார். இடம்பெயர்வுக் காலமும் அந்த முப்பது ஆண்டுகளுக்குள் வருவதால், சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டிருப்பது நம் பகுதியில் அடிக்கடி நேரும் சங்கடம்.

மூல உறுதி போர்க்காலத்தில் தொலைந்திருந்தால் மனம் தளர வேண்டாம். நொத்தாரிசு (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) ஓர் உறுதியை முடிக்கும்போது மூலம் உரிமையாளருக்குப் போகிறது. இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்திற்குப் போகிறது. இன்னொன்று நொத்தாரிசிடம் இருக்கிறது. ஆகவே பதிவகத்திலிருந்து உறுதிப்படுத்திய பிரதி பெற வழியுண்டு. இந்த வேலைக்கு வாரங்கள் அல்ல, சில வேளை மாதங்கள் எடுக்கும். வீட்டை விற்பனைக்கு விடுவதற்கு முன்னரே தொடங்குங்கள். ஆள் வந்தபின் தொடங்கினால் ஆள் போய்விடுவார்.

எல்லைகளைப் பொறுத்தவரை, பழைய படத்தை மட்டும் நம்பாதீர்கள். மீள்குடியேறியபோது வேலிகள் கண்மதிப்பில் போடப்பட்ட வளவுகள் நிறைய இருக்கின்றன. புதிய அளவை ஒன்று செய்து, அயலவர்களோடு பேசி, கல் நாட்டிவிட்டால், விற்பனைப் பேச்சின் நடுவில் பக்கத்துக் காணிக்காரர் வந்து நிற்கும் நிலைமை வராது.

எங்கள் காணி அனுமதிப்பத்திரக் காணி. அதை விற்கலாமா?

1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த காணியையோ, அதற்கு அடுத்த படியாக அளிப்புப் பத்திரத்தில் உரித்தளித்த காணியையோ, தனியார் உறுதிக் காணியைப் போல நினைத்தவுடன் விற்க முடியாது. பிரதேச செயலாளரின் முன்கூட்டிய எழுத்துமூலச் சம்மதம் இன்றிச் செய்யும் கைமாற்றம் செல்லாது. வெள்ளைத்தாளில் எழுதி, விதானையாரை (கிராம அலுவலரை) சாட்சி வைத்து, பணம் கைமாறிய விற்பனைகள் நம் ஊர்களில் நிறைய உண்டு. அவை சட்டத்தின் முன் நிற்பதில்லை. வாங்கியவர் இறந்தபின் பிள்ளைகள் படும் பாட்டைக் கண்டவன் என்பதால் இதைக் கடுமையாகவே சொல்கிறேன்: அப்படி விற்காதீர்கள், அப்படி வாங்கவும் விடாதீர்கள்.

முதலில் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குச் சென்று, உங்கள் பத்திரத்தின் நிலை என்ன, அது யாருடைய பெயரில் நிற்கிறது, பின்னுரித்தாளியாக (உங்களுக்குப் பின் உரித்துப் பெறுபவராக) பதியப்பட்டவர் யார், அளிப்பாகவோ முழு உரித்தாகவோ மாற்ற இடமுண்டா என்று கேட்டு எழுத்தில் பெறுங்கள். இப்படியான காணிகளுக்கு முழு உரித்து வழங்க 2024 இல் தொடங்கப்பட்ட 'உறுமய' திட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள் அதன் நிலையையும் விசாரிக்க வேண்டும். விலை குறிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்: அனுமதிப்பத்திரக் காணிக்கு வங்கிகள் வழமையான வீட்டுக்கடன் கொடுக்கத் தயங்குவதால், வாங்கக்கூடியவர்கள் கையில் முழுப்பணம் உள்ளவர்களாகச் சுருங்கிவிடுகிறார்கள். பக்கத்து உறுதிக் காணியின் விலையை அதற்கும் கேட்பது நியாயமாகாது.

வீடு மனைவியின் பெயரில் இருக்கிறது. கணவரின் கையொப்பம் வேண்டுமா?

வடமாகாணத் தமிழருக்குத் தேசவழமை என்ற வழமைச் சட்டம் பொருந்தும். 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் அசைவற்ற சொத்தைக் கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. அது சீதனமாக வந்த வீடாக இருந்தாலும் அப்படியே. திருமணத்தின் பின் வாங்கியது தேடிய தேட்டமாக (மணவாழ்வில் ஈட்டிய சொத்தாக) கருதப்படக்கூடும் என்பதால், வீடு யாருடைய பெயரில் இருந்தாலும் இருவரும் கையொப்பமிடுவதையே வாங்குபவரின் சட்டத்தரணி கேட்பார். பிரிக்கப்படாத பங்கு ஒன்றை விற்பதானால், 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் வெளியாருக்கு விற்றால், பின்னர் அவர்கள் வழக்காட முடியும்.

கணவர் காணாமல் ஆக்கப்பட்ட குடும்பங்கள் நம்மிடையே ஏராளம் என்பதை மறந்து இந்தப் பதிலை எழுத முடியாது. கணவர் இருக்கும் இடம் தெரியாத நிலையில், அவருடைய சம்மதமின்றித் தன் சொத்தைக் கைமாற்ற மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியை மனைவி கோரலாம். வீடு கணவரின் பெயரிலேயே இருந்தால் வழி வேறு; அது நீளமும் கூட. எதற்கும் முற்பணம் வாங்குவதற்கு முன் சட்டத்தரணி ஒருவரிடம் போங்கள். அவசரப்படுத்தும் வாங்குபவருக்காக, மரணச் சான்றிதழ் போன்ற, உங்களுக்கு விருப்பமில்லாத பத்திரம் எதையும் எடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

சரியான விலையை எப்படிக் கணிப்பது?

வாங்குபவர் போடும் கணக்கை அவருக்கு முன் நீங்கள் போட்டுப் பார்ப்பதுதான் வழி. அவருக்கு முன்னால் எப்போதும் ஒரு மாற்று இருக்கிறது: வெறுங்காணி ஒன்றை வாங்கி, தானே கட்டுவது. உங்கள் வீடு அந்த மாற்றை விட மலிவாகவோ, அதே விலையில் தொல்லை குறைந்ததாகவோ இருந்தால் அவர் வாங்குவார்.

ஒரு பேச்சுக்கு, நான்கு பரப்பு, அதாவது 40 பேர்ச், கால் ஏக்கர் வளவில் 900 சதுர அடி வீடு என்று வைப்போம். அந்தத் தெருவில் அண்மையில் கைமாறிய வெறுங்காணி பேர்ச் ஒன்று ஒரு இலட்சம் என்றால், காணி 40 இலட்சம். இன்றைக்கு மேசன் கூலியும் பொருளும் சேர்த்து அதே தரத்தில் கட்டச் சதுர அடிக்கு 9,000 ரூபாய் ஆகும் என்றால், புதுவீடு 81 இலட்சம். வீடு பதினான்கு வருடம் பழையது என்பதற்காகக் காற்பங்கைக் கழித்தால் 60 இலட்சத்து 75 ஆயிரம். கிணறு, வேலி, தண்ணீர்த் தாங்கிக்கு 4 இலட்சம் சேர்த்தால் மொத்தம் ஒரு கோடியே 4 இலட்சத்து 75 ஆயிரம். உடனே செய்ய வேண்டிய திருத்தம் 4 இலட்சத்து 75 ஆயிரம் என்று மேசன் சொன்னால் அதையும் கழியுங்கள். நிற்பது ஒரு கோடி. இந்த எண்கள் கணக்கின் வழியைக் காட்டுவதற்காக மட்டுமே எழுதப்பட்டவை. காணி விலை பரந்தன் சந்திக்கும் மல்லாவிக்கும் ஒன்றாகாது. கிளிநொச்சி நகரத்திலேயே ஏ-9 வீதியிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே போனால் மாறிவிடும்.

மூன்று இடங்களில் விற்பவர்கள் தவறுகிறார்கள். முதலாவது, காணி விலைக்கு மற்றவர் கேட்கும் விலையை எடுப்பது; முடிந்த விலையையே எடுக்க வேண்டும். முகநூலில் போடப்பட்ட விலை கேட்கும் விலை மட்டுமே. இரண்டாவது, வீட்டில் தாம் போட்ட பணத்தைக் கூட்டுவது. 2021 இல் ஆயிரம் ரூபாய் அளவில் விற்ற 50 கிலோ சீமெந்து மூட்டை 2022 இல் மூவாயிரத்தைத் தாண்டியது. அந்தக் காலத்தில் கட்டியவரின் செலவு மிகையாகவும், அதற்கு முன் கட்டியவரின் செலவு குறைவாகவும் தெரியும். வாங்குபவர் கணக்கிடுவது இன்றைய கட்டுமானச் செலவை மட்டுமே. மூன்றாவது, வாங்குபவரின் மற்றச் செலவுகளை மறப்பது. முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்திற்கு நூற்றுக்கு மூன்றும், மீதிக்கு நூற்றுக்கு நான்கும் ஆகும். அதை அவரே கட்டுகிறார். ஒரு கோடி ரூபாய் வீட்டிற்கு அது மட்டும் 3,99,000 ரூபாய். நொத்தாரிசுக் கட்டணம் அதற்கு மேல். கையில் ஒரு கோடி உள்ளவர் ஒரு கோடி ரூபாய் வீட்டை வாங்க முடியாது என்பதை உணர்ந்து விலை குறித்தால், பேச்சு எளிதாகும்.

வங்கிக்கடன் எடுப்பவருக்கு விற்பதில் என்ன கவனிக்க வேண்டும்?

வங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்பும். அவர் குறிக்கும் பெறுமதியில் ஒரு பங்குக்கே கடன் கிடைக்கும். நீங்கள் கேட்கும் விலை அந்தப் பெறுமதிக்கு மேலே போகும் ஒவ்வொரு இலட்சத்தையும் வாங்குபவர் கையிலிருந்தே தேட வேண்டும். அரச உத்தியோகத்தர்தான் உங்கள் வாங்குபவர் என்றால், நீங்களே முன்கூட்டி ஒரு பட்டய மதிப்பீட்டாளரைக் கொண்டு அறிக்கை பெறுவது நல்லது. அதைக் காட்டிப் பேசும்போது விலை உங்கள் ஆசையிலிருந்து வந்ததாக அவருக்குத் தோன்றாது. கடன் கைக்கு வர எடுக்கும் காலத்தையும் உடன்படிக்கையில் எழுதுங்கள்.

அயலில் உள்ள வீட்டை வெளிநாட்டிலிருந்து வந்தவர் பெரிய விலைக்கு வாங்கினாரே?

அது அவர் விலை. பிறந்த ஒழுங்கைக்குத் திரும்ப வேண்டும் என்ற ஏக்கத்திற்குக் கொடுக்கப்பட்ட விலையை, சம்பளத்தில் கடன் கட்டப் போகும் ஆசிரியரிடம் எதிர்பார்க்க முடியாது. அத்துடன், 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் இங்கு காணி வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை இருக்கிறதா என்று அப்படியானவரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

வெள்ளம், யானை, வனவளத் திணைக்கள எல்லை போன்றவற்றைச் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் வந்தபோது தண்ணீர் உங்கள் வளவில் எதுவரை ஏறியது என்பது ஊருக்கே தெரியும். தேநீர்க்கடையில் ஒரு பிளேன்ரீ குடிக்கும் நேரத்தில் வாங்குபவர் அதை அறிந்துவிடுவார். உங்கள் வாயால் கேட்டால் அது தகவல். கடையில் கேட்டால் அது நீங்கள் மறைத்த குற்றம். சுவரில் நின்ற கோட்டைக் காட்டி, வீட்டின் நிலமட்டம் அதற்கு எத்தனை அடி மேலே என்பதையும் காட்டுங்கள்.

காட்டோரக் கிராமங்களில் யானை வேலி இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்று கேட்பார்கள். வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல், குளத்தின் ஒதுக்குநிலம், வீதியின் ஒதுக்குநிலம் ஆகியவை உங்கள் படத்தைத் தொடுகின்றனவா என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டு, எழுத்தில் பெற்று வையுங்கள். போரின் முன்னரங்கப் பகுதிகளாக இருந்த இடங்களில் கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட விபரத்தையும் அவ்வாறே பெறலாம்.

எந்த மாதத்தில் விற்பனைக்கு விடுவது நல்லது?

காலபோக (மாரி மழையில் செய்யும் பெரும்போக) அறுவடை முடிந்து நெல் விற்ற காசு கைக்கு வரும் மாசி, பங்குனி மாதங்களே என் தெரிவு. மழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும். கூரை ஒழுகவில்லை என்பதைச் சுவரே காட்டும். வளவும் பச்சையாக இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் வீடு பேச நம்மவர்கள் விரும்புவதில்லை. ஆனால் ஆடியில் வெளிநாட்டு உறவுகள் வந்து நிற்பதால், பார்த்துவிட்டு ஆவணியில் எழுதுபவர்களும் இருக்கிறார்கள்.

பேரம் பேசுவதற்கு எவ்வளவு கூட்டி வைக்கலாம்?

மிகக் கொஞ்சம். நூற்றுக்கு மூன்று, கூடினால் ஐந்து. "கடைசி விலை என்ன?" என்று கேட்பது நம் வழக்கம்; ஒன்றுமே குறைக்காமல் நின்றால் வந்தவருக்கு மரியாதைக் குறைவாகப் படும். ஆனால் ஒரு கோடி பெறுமதியான வீட்டிற்கு ஒரு கோடி இருபது என்று சொன்னால், கணக்குப் பார்ப்பவர் பேரம் பேச வரவே மாட்டார். பேசாமல் அடுத்த வீட்டுக்குப் போவார். ஆறு மாதம் விற்காமல் கிடக்கும் வீட்டைப் பற்றி "அதில் ஏதோ வில்லங்கம்" என்று ஊர் பேசத் தொடங்கும். அதன் பின் பெறுமதியான விலைக்குக் கூட ஆள் வருவது கடினம். உங்களால் இறங்க முடியாத எல்லையை வீட்டில் எல்லோரும் இருந்து முதலே தீர்மானியுங்கள். வாங்குபவர் முன்னால் கணவன் ஒன்றும் மனைவி ஒன்றும் சொல்வது விலையைச் சரித்துவிடும்.

இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டிய வீட்டை என்ன விலைக்கு விற்கலாம்?

5,50,000 ரூபாய் உதவியில் கட்டப்பட்டது என்பதற்காக அதன் பெறுமதி அந்தத் தொகையாகிவிடாது. பலர் தம் உழைப்பையும் கடனையும் சேர்த்துத்தான் அதை முடித்தார்கள். மேலே சொன்ன கணக்கையே போடுங்கள். காணி அனுமதிப்பத்திரக் காணியா என்பதையும், உதவி பெற்றபோது எழுதிய உடன்பாட்டில் நிபந்தனை ஏதும் உண்டா என்பதையும் முதலில் பாருங்கள்.

தென்னை, மா, தேக்கு மரங்களுக்குத் தனியே விலை கேட்கலாமா?

காய்க்கும் தென்னைகள் வளவின் மதிப்பைக் கூட்டும். அதைக் காணி விலையோடு சேர்த்தே பேசுங்கள். விற்பனைக்கு முன் மரத்தைத் தறித்து விற்றுவிட்டு, வெட்டிய அடிக்கட்டைகளோடு வளவைக் காட்டுவது மிகத் தவறு. அந்தப் பணத்தை விடக் கூடுதலாக விலையில் இழப்பீர்கள்.

தரகர் தேவையா?

ஆள் கொண்டு வருபவருக்குக் கூலி கொடுப்பது முறை. எத்தனை வீதம், எப்போது, யார் கொடுப்பது என்பதை முதலில் பேசி எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன விலைக்கு மேல் வைத்துச் சொல்ல அவருக்கு இடம் கொடுக்காதீர்கள்.

உரிமையாளர் கனடாவில் இருக்கிறார். அவருக்காக நான் விற்கலாமா?

அற்றோணித் தத்துவம், அதாவது அவருக்காகச் செயற்பட உங்களுக்கு அதிகாரம் தரும் பத்திரம், இருந்தால் விற்கலாம். அது இலங்கைத் தூதரகத்தின் முன்னிலையில் முறையாகச் செய்யப்பட்டு, இங்கு பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். விற்கும் அதிகாரமும் குறித்த காணியின் விபரமும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். கள்ள அற்றோணித் தத்துவத்தால் ஏமாந்தவர்கள் இருப்பதால், வாங்குபவர் உரிமையாளரோடு வீடியோவில் பேசக் கேட்பார். கோபிக்காமல் பேச வையுங்கள்.

வரி ஏதும் கட்ட வேண்டுமா? உறுதியில் விலையைக் குறைத்து எழுதலாமா?

மூலதன ஆதாய வரி விற்பவரைச் சேர்ந்தது. ஆனால் அது உங்கள் பிரதான வதிவிடமாக இருந்து, விற்பதற்கு முன் மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக உங்களுக்குச் சொந்தமாகவும், அவற்றுள் குறைந்தது இரண்டு ஆண்டுகள் நீங்கள் குடியிருந்த வீடாகவும் இருந்தால் விலக்கு உண்டு. விதானையாரின் வதிவிடச் சான்றையும் மின்பட்டியல்களையும் பத்திரமாக வைத்திருங்கள். உறுதியில் விலையைக் குறைத்து எழுதச் சம்மதிக்க வேண்டாம். அது சட்டத்திற்கு மாறானது. கடன் எடுப்பவருக்கு அது இடைஞ்சல். பின்னர் பிணக்கு வந்தால், எழுதிய தொகைக்கு மேல் நீங்கள் வாங்க வேண்டியதை நிறுவ முடியாமல் போகும்.

முற்பணம் வாங்கிய பின் வேறொருவர் கூடுதலாகத் தந்தால்?

முற்பணத்தைப் பத்திரமின்றி வாங்காதீர்கள். நொத்தாரிசின் முன் எழுதிய விற்பனை உடன்படிக்கையில் முழு விலை, முற்பணம், முடிக்கும் திகதி, யார் பின்வாங்கினால் என்ன, வீட்டோடு போகும் பொருட்கள் எவை என்பன இருக்க வேண்டும். மோட்டர், தண்ணீர்த் தாங்கி, கிணற்றுக் கப்பி, மின்விசிறிகள் ஆகியவற்றைப் பெயர் குறித்து எழுதுங்கள். பெரிய விலை பேசி முடித்தவர்கள் ஒரு மோட்டருக்காக முகம் முறித்துக்கொண்டதைக் கண்டிருக்கிறேன். அப்படி எழுதிய பிறகு, பத்து இலட்சம் கூடத் தருகிறேன் என்று ஒருவர் வந்தாலும், வீடு பேசி முடிந்துவிட்டது என்று சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

உறுதி எழுதும் நாளன்று மின்மானியின் அளவைக் குறித்து, சோலைவரி நிலுவையைக் கட்டி, மின் இணைப்பின் பெயர் மாற்றக் கடிதத்தில் கையொப்பமிட்டு, திறப்புகளைக் கொடுங்கள். மோட்டரின் ஆளி எது, மலக்குழியின் மூடி எந்த இடத்தில், கிணறு எந்த மாதத்தில் இறங்கத் தொடங்கும் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கோப்பின் மேலே வையுங்கள்.